இறப்புக் குறிப்பில் இடம்பெறாத பூஞ்சை

‘புற்றுநோயால் காலமானார்’ என்று நாம் எழுதும் இரங்கற்குறிப்புகளில் ஒரு பகுதி மருத்துவ நோக்கில் சரியானதன்று. தீவிரக் குருதிப் புற்றுநோய் கண்டவர்களுள் பலர் புற்றணுக்களால் இறப்பதில்லை. அவ்வணுக்களை ஒழிக்கத் தந்த மருந்து தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும் மூன்று நான்கு வாரங்களுக்குள், நுரையீரலிலோ மூக்கை ஒட்டிய எலும்பறைகளிலோ வேர்பிடித்த தொற்றினால் இறக்கிறார்கள். அத்தொற்றுகளில் பாக்டீரியாவைப் பற்றி ஓரளவு பேசுகிறோம். பூஞ்சையைப் பற்றிப் பேசுவதில்லை. துறைசார்ந்தோர் இதை அறிவர். நோயாளியின் குடும்பம் அறிவதில்லை. நிதி ஒதுக்குவோர் அறிந்ததாகக் காட்டிக்கொள்வதில்லை. நுண்ணுயிரியலில் ஆய்வு செய்பவன் என்ற முறையிலும், வைட்ஃபீல்டில் குடியிருப்பவன் என்ற முறையிலும் இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. பதிவு நீளமானது, பொறுத்தருள்க.

சொல்வது மிகையன்று என்பதற்கு வேலூர்க் கணக்கு ஒன்றே போதும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 2012ஆம் ஆண்டு முழுவதும் புதிதாகக் கண்டறியப்பட்ட தீவிர மைலாய்டு லுகேமியா நோயாளிகளின் நிலையை அதன் குருதியியல் துறையினர் 2015இல் ஆய்விதழில் வெளியிட்டனர். புரோமைலோசைட்டிக் வகை நீங்கலாக மொத்தம் 380 பேர். இடைநிலை வயது 40. அதாவது, வீட்டுக்கு உழைத்துப் போடும் வயது. இவர்களுள் நோயைக் குணப்படுத்தும் நோக்கிலான முழுச் சிகிச்சையைத் தொடங்கியவர்கள் 109 பேர் மட்டுமே. மற்றவர்கள் திரும்பிப் போனதற்குப் பணமின்மையே முதன்மைக் காரணம். அந்த 109 பேரிலும் 27 பேர் முதற்கட்டச் சிகிச்சையின்போதே இறந்தார்கள். அந்த 27 பேரில் 12 பேரிடம் பூஞ்சைத் தொற்றுக்கான சான்று இருந்தது. மருந்துகளுக்குக் கட்டுப்படாத பாக்டீரியாக்களும் 12 இறப்புகளுக்குக் காரணமாயின.

இந்த எண்களை நான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பதுண்டு. இந்தியாவின் மிகச் சிறந்த குருதியியல் துறைகளுள் ஒன்றில், நிலத்தை விற்றோ நகையை அடகு வைத்தோ முதற்படியைத் தாண்டி உள்ளே வந்தவர்களில், நால்வரில் ஒருவர் வீடு திரும்பவில்லை. இதை வெளியிட்டதற்காக அத்துறையினரைப் பாராட்ட வேண்டும். தம் தோல்வியை எண்ணி அச்சிடும் மருத்துவமனைகள் நம்மிடம் மிகுதியில்லை.

ஏன் பூஞ்சை? நம் குருதியிலுள்ள வெள்ளணுக்களில் நியூட்ரோஃபில் என்ற வகைதான் பூஞ்சைக்கு எதிரான முதற்காவல். ஒரு மைக்ரோலிட்டர் குருதியில் அது 500க்குக் கீழே இறங்கினால் ஆபத்து. 100க்குக் கீழே இறங்கினால் பேராபத்து. அணுக்குறைவுக்கும் தொற்றுக்கும் உள்ள இந்த உறவு 1966இலேயே லுகேமியா நோயாளிகளிடம் எண்ணிக் காட்டப்பட்டது. எவ்வளவு இறங்கியது என்பதைப் போலவே எத்தனை நாள் இறங்கியே கிடந்தது என்பதும் முக்கியம் என்று 1984இல் வந்த இன்னோர் ஆய்வு நிறுவியது. தீவிர மைலாய்டு லுகேமியாவுக்குத் தரும் முதற்கட்ட மருந்து மச்சையைத் துடைத்து வெறுமையாக்குகிறது. புது அணுக்கள் முளைத்து வர மூன்று நான்கு வாரம் ஆகும். அதுவரை உடல் கதவில்லாத வீடு.

அந்த வீட்டுக்குள் வருவது பெரும்பாலும் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ். அழுகும் இலைதழைகளை மக்கச் செய்யும் மிகச் சாதாரணமான பூஞ்சை இது. (1729இல் ஃபிளாரன்ஸின் மிக்கேலி என்னும் பாதிரியார் இதன் இனத்தை உருப்பெருக்கியில் பார்த்து, தேவாலயத்தில் தீர்த்தம் தெளிக்கும் கருவியைப் போலிருக்கிறதே என்று அக்கருவியின் பெயரையே இதற்கு வைத்துவிட்டார்.) இதன் வித்து இரண்டு மூன்று மைக்ரோமீட்டர் அளவுடையது, மூச்சுக்குழாயின் எல்லாச் சல்லடைகளையும் கடந்து நுரையீரலின் கடைசிச் சிற்றறை வரை செல்லக்கூடியது. நாம் ஒவ்வொருவரும் நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான வித்துகளை உள்ளிழுக்கிறோம், ஒன்றும் ஆவதில்லை. காவலிருப்பதால் ஆவதில்லை. காவலில்லாதவரிடம் வித்து முளைத்து இழையாகிறது; இழை குருதிக்குழாயைத் துளைக்கிறது; துளைத்த இடத்துக்கு அப்பாலுள்ள திசு குருதியின்றிச் செத்துப்போகிறது.

இப்போது வைட்ஃபீல்டுக்கு வருகிறேன். 1882இல் ஆங்கிலோ இந்தியர்கள் வேளாண்மை செய்து வாழ மைசூர் அரசர் தந்த நிலத்தில் உருவான குடியிருப்பு இது. இன்று அங்கே தோண்டப்படாத தெருவைக் காண்பது அரிது. காடுகோடியிலிருந்து கிருஷ்ணராஜபுரம் வரை மெட்ரோ 2023 மார்ச் 25 அன்று ஓடத் தொடங்கியது. அதற்குமுன் ஆண்டுக்கணக்கில் அந்தச் சாலை முழுவதும் மண்ணும் சிமென்ட்டும் காற்றில் மிதந்தன. மெட்ரோ முடிந்தது, அதை நம்பி எழும்பும் அடுக்குமாடிகள் முடியவில்லை. பழைய ஓட்டு வீட்டை இடிக்கிறார்கள், பாதாளக் குழாய் புதைக்கத் தோண்டுகிறார்கள், மழை வந்ததும் தோண்டிய குழியில் மரச்சட்டங்கள் ஊறிக் கிடக்கின்றன. பூஞ்சைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அதே வட்டாரத்தில்தான் பெரிய மருத்துவமனைகளும் புற்றுநோய்ப் பிரிவுகளும் இருக்கின்றன. ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்திலிருந்து நம்மவர்களும், வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் பிறரும் சிகிச்சைக்கு வருகிறார்கள். மாதக்கணக்கில் மருத்துவமனைப் படுக்கைக்குப் பணம் கட்டக் கூடியவர்கள் சிலரே. மருந்து ஏறிய சில நாள்களில் வெளியே வந்து, நல்லூர்ஹள்ளியிலோ குண்டலஹள்ளியிலோ ஒரு தினவாடகை அறையில் தங்கி, குருதி எண்ணிக்கைக்காக நாள்விட்டு நாள் ஆட்டோவில் போய்வருகிறார்கள். அணு 200 என்று சீட்டில் அச்சாகியிருக்கும். அறையின் சுவரில் கசிவு கறுத்திருக்கும். பக்கத்து மனையில் கான்கிரீட் வெட்டும் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும். வேலூரில் மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களிலும் இதே காட்சியைக் காணலாம்.

கட்டட வேலைக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பு ஊகமன்று. மருத்துவமனைகளில் கொத்தாகப் பரவிய ஆஸ்பர்ஜில்லஸ் தொற்றுகள் பற்றிய 53 ஆய்வறிக்கைகளையும் அவற்றிலிருந்த 458 நோயாளிகளையும் தொகுத்து 2006இல் ஜெர்மானிய ஆய்வாளர் இருவர் எழுதினர். ஏறத்தாழப் பாதி நிகழ்வுகளில் இடிப்பதும் கட்டுவதுமே காரணமாகக் கருதப்பட்டன. நோயுற்றவர்களில் மூன்றில் இரு பங்கினர் குருதிப் புற்றுநோயாளிகள். ஒரு கன மீட்டர் காற்றில் ஒரு வித்துக்கும் குறைவான செறிவுகூட இத்தகையோரை வீழ்த்தப் போதும் என்பதும் அதில் உண்டு. இதனால்தான் மச்சை மாற்று அறைகளில் 0.3 மைக்ரோமீட்டர் துகளையும் நூற்றுக்கு 99.97 என்ற அளவில் பிடிக்கும் வடிகட்டி வைத்து, அறைக்குள் காற்றழுத்தத்தைக் கூட்டி, மணிக்குப் பன்னிரண்டு முறையாவது காற்றை மாற்றுகிறார்கள். அந்தக் கதவைத் தாண்டி வெளியே வந்தபின் நோயாளிக்கு இருப்பது ஒரு முகக்கவசம். நன்கு பொருந்தும் முகக்கவசத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்று ஜெர்மனியில் முறையாகச் சோதித்துப் பார்த்து 2009இல் வெளியிட்டார்கள், தொற்று குறையவில்லை. அணிய வேண்டாம் என்று சொல்லவில்லை. அதைக் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று கருத வேண்டாம் என்கிறேன்.

தடுப்பு மருந்து இருக்கிறது என்பதே இதில் வேதனையானது. 2007இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், தீவிர மைலாய்டு லுகேமியா, மச்சைச் சீர்கேடு ஆகியவற்றுக்குச் சிகிச்சை பெற்ற 602 பேரில் ஒரு சாராருக்குப் போசகோனசோலும் மறு சாராருக்குப் பழைய மருந்துகளும் தரப்பட்டன. உறுதியான அல்லது உறுதிக்கு நெருங்கிய பூஞ்சைத் தொற்று முதற்சாராரில் நூற்றுக்கு 2, மறுசாராரில் 8. உயிர்பிழைத்தோர் எண்ணிக்கையும் முதற்சாராரில் கூடியது. புற்றுநோய் மருந்து ஒன்று இப்படி ஒரு பலனைத் தந்திருந்தால் நாளிதழ்களில் முதற்பக்கச் செய்தியாகியிருக்கும்.

ஆனால் இம்மருந்து எல்லாருக்கும் உதவாது. குழந்தைகளிடம் மிகுதியாகக் காணும் தீவிர லிம்போயிடு லுகேமியாவுக்கு வின்கிறிஸ்டின் இன்றியமையாதது. அசோல் வகைப் பூஞ்சை மருந்துகள் வின்கிறிஸ்டின் உடலிலிருந்து கழிவதைத் தடுத்து நரம்புகளைப் பாதிக்கும் அளவுக்கு அதைத் தேக்கிவிடும். ஆகவே அங்கே அந்த எளிய மாத்திரைக்கு இடமில்லை. ஊசி மருந்துகளையே நாட வேண்டும், செலவும் ஏறும். இதற்கு நேர்மாறான ஒரு வேடிக்கையும் உண்டு. வெனெட்டோகிளாக்ஸ் என்ற விலையுயர்ந்த புற்றுநோய் மருந்தை வழக்கமாக நாளுக்கு 400 மில்லிகிராம் தர வேண்டிய இடத்தில், போசகோனசோலோடு சேர்க்கும்போது 100 மில்லிகிராமோ அதற்கும் குறைவோ போதும்; அதற்கு மேல் தந்தால் ஆபத்து. அதாவது, பூஞ்சைத் தடுப்பு மருந்து புற்றுநோய் மருந்துச் செலவைக் குறைக்கிறது! நம் மருத்துவர்கள் இதை அறிந்து பயன்படுத்துகிறார்கள். இரண்டையும் வெவ்வேறு கணக்கில் எழுதுவோர்க்குத்தான் இது பிடிபடுவதில்லை.

தொற்று வந்துவிட்டால்? பழைய மருந்து ஆம்ஃபோடெரிசின். வெனிசுவேலாவின் ஒரினோக்கோ ஆற்றங்கரை மண்ணில் வாழ்ந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து 1950களில் பிரித்தெடுக்கப்பட்டது. குளிர்நடுக்கமும் சிறுநீரகப் பழுதும் இதன் கூடவே வரும். ‘ஆம்ஃபோ டெரிபிள்’ என்று மருத்துவ மாணவர்கள் வைத்த பட்டப்பெயர் உலகெங்கும் வழங்குகிறது. ஆஸ்பர்ஜில்லஸுக்கு எதிராக வோரிகோனசோல் இதைவிட மேல் என்பது 2002இல் நிலைநாட்டப்பட்டது: பன்னிரண்டாம் வார முடிவில் உயிரோடிருந்தோர் வோரிகோனசோல் பெற்றவர்களில் நூற்றுக்கு 70.8, ஆம்ஃபோடெரிசின் பெற்றவர்களில் 57.9. கருப்புப் பூஞ்சை என்று நாம் அறிந்த மியூக்கர் வகைக்கோ வோரிகோனசோல் பயன்படாது. அதற்கு ஆம்ஃபோடெரிசினைக் கொழுப்புக் குமிழிகளில் பொதிந்து, நஞ்சைக் குறைத்த லிப்போசோம் வடிவம் வேண்டும். கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராம் என்று வைத்தால், 60 கிலோ எடையுள்ளவருக்கு 300 மில்லிகிராம்; 50 மில்லிகிராம் குப்பிகளாக ஆறு. ஒரு குப்பியின் விலை ஆயிரக்கணக்கில். இது ஒரு நாளுக்கு. சிகிச்சையோ வாரக்கணக்கில்.

இம்மருந்தின் உள்நாட்டு வடிவத்துக்கு நம் ஊரோடு ஒரு தொடர்புண்டு. வேலூரில் பல ஆண்டுகள் உயிர்வேதியியல் ஆய்வு நடத்திய பிமல் குமார் பச்சாவத், பின்னாளில் தில்லிப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது லிப்போசோம் ஆம்ஃபோடெரிசினை இங்கேயே உருவாக்கும் முயற்சியை முன்னெடுத்தார். அரசு நிதியும் ஒரு சிறு நிறுவனமும் கைகோத்ததில் அது ‘ஃபங்கிசோம்’ என்ற பெயரில் அவர் மறைவுக்குப் பின் சந்தைக்கு வந்தது. நம் ஆய்வுக்கூடங்களால் ஆகாது என்று சலித்துக்கொள்ளும் மாணவ நண்பர்கள் இந்த வரலாற்றைத் தேடிப் படிக்க வேண்டும்.

2021ஐ யாரும் மறந்திருக்க மாட்டோம். கோவிட் இரண்டாம் அலையின்போது ஜூன் 28 வரை மட்டும் 40,845 கருப்புப் பூஞ்சை நோயாளிகள் என்று ஒன்றிய அரசு அறிவித்தது. மருந்துக் குப்பிக்காக மக்கள் மாவட்டம் விட்டு மாவட்டம் அலைந்தார்கள். அறிவிக்கையிடத்தக்க நோயாக இதை ஆக்குமாறு மாநிலங்களுக்கு மே மாதமே கடிதம் போனது. ஜூன் மாதம் ஆம்ஃபோடெரிசின் மீதான சரக்கு மற்றும் சேவை வரி முற்றிலும் நீக்கப்பட்டது. நல்ல முடிவு. ஆனால் அந்த விலக்குக்குக் கெடு தேதி இருந்தது. முதலில் செப்டம்பர் இறுதி. பின்பு 2021 டிசம்பர் 31. அத்தோடு முடிந்தது. கோவிட்டுக்கு முன்பும் குருதிப் புற்றுநோயாளிக்கு இதே பூஞ்சை வந்தது, பின்பும் வருகிறது. அவர்கள் ஒரே மாதத்தில் நாற்பதாயிரம் பேராகத் திரண்டு வருவதில்லை. ஒருவர் ஒருவராக வருகிறார்கள், ஆகையால் கண்ணில் படுவதில்லை. வரிவிலக்குக்கு ஒரு கொள்ளைநோய் தேவைப்பட்டது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சினம் மூள்கிறது, மறைப்பதற்கில்லை.

நோயறிதலிலும் இதே புறக்கணிப்புதான். தட்டணு இருபதாயிரத்துக்குக் கீழிருக்கும் ஒருவரின் நுரையீரலில் ஊசி செலுத்தித் திசு எடுக்க எவரும் துணியமாட்டார். வளர்ப்பு ஊடகத்தில் பூஞ்சை பல வேளைகளில் முளைப்பதேயில்லை. எனவே சி.டி. படத்தையும், குருதியில் கேலக்டோமன்னன் என்ற பூஞ்சைச் சர்க்கரையின் அளவையும் வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். அந்தச் சோதனை எல்லா ஊரிலும் இல்லை. மாதிரி வெளியூருக்குப் போய் முடிவு வருவதற்குள் நாள்கள் கழிகின்றன. அதுவரை மருத்துவர் என்ன செய்வார்? காய்ச்சல் தணியவில்லை என்றதும் கைக்குக் கிட்டிய பூஞ்சை மருந்தை ஊகத்தில் தொடங்குவார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். முதுகலை நுண்ணுயிரியல் பாடத்தில் பூஞ்சையியலுக்கு நாம் ஒதுக்கும் நேரத்தைத்தான் குறை சொல்வேன். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு துளியில் சதைத்துணுக்கை வைத்து, இழை அகன்று தடுப்பின்றி இருக்கிறதா, குறுகிக் கூர்ங்கோணத்தில் கிளைக்கிறதா என்று பார்த்துச் சொல்வதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். பழகிய கண் வேண்டும். மியூக்கரா ஆஸ்பர்ஜில்லஸா என்ற முதற்குறிப்பு அதிலேயே கிடைத்துவிடும். மருந்துத் தேர்வு அதில்தான் தொங்குகிறது.

வயலுக்கும் இதில் பங்கிருக்கிறது. நெல்லுக்கும் காய்கறிக்கும் அடிக்கும் பூஞ்சைக்கொல்லிகளில் பலவும் மருத்துவமனையில் தரும் அசோல்களின் உறவினர்கள். நோயாளியின் உடலில் மருந்தைக் காணாத பூஞ்சையும் வயலில் அதன் உறவைக் கண்டு பழகி, எதிர்ப்புத்திறனோடு காற்றில் ஏறுகிறது. இவ்வகை எதிர்ப்புத்திறன் கொண்ட ஆஸ்பர்ஜில்லஸை இந்தியச் சூழல் மாதிரிகளிலிருந்து பிரித்தெடுத்ததை அனுராதா சௌத்ரியும் அவருடைய தில்லிக் குழுவினரும் 2012இலேயே வெளியிட்டுள்ளனர். உலக நலவாழ்வு அமைப்பு 2022 அக்டோபரில் தன் முதல் பூஞ்சைப் பட்டியலை வெளியிட்டபோது, மிக உயர்ந்த இடரெனக் குறித்த நான்கில் இதுவும் ஒன்று. வேளாண் பல்கலைக்கழகத்தாரும் மருத்துவக் கல்லூரியாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேச இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

என் நண்பர்கள் சிலர் ஒரு மறுப்பு சொல்வார்கள்: வேலூர்க் கணக்கிலேயே பெரும்பாலோர் சிகிச்சையே தொடங்கவில்லை, பாக்டீரியாவும் அதே அளவு கொல்கிறது, இருக்கும் பணத்தைப் பூஞ்சைக்குச் செலவிடுவது முறையா என்று. நியாயமான கேள்வி. ஆனால் சிகிச்சையைத் தொடங்கிவைத்துவிட்டு, அது உண்டாக்கும் அணுக்குறைவில் நோயாளியைக் காவலின்றி விடுவது செலவிட்ட பணத்தையும் சேர்த்துப் புதைப்பதாகும். அரசுக் காப்பீட்டுத் திட்டம் எதுவாயினும், லுகேமியாவின் முதற்கட்டச் சிகிச்சைக்கான தொகையை வகுக்கும்போது, அந்த நான்கு வாரத்துக்கான பூஞ்சைத் தடுப்பு மருந்தும், கேலக்டோமன்னன் சோதனையும், தொற்று வந்தால் அதற்கான மருந்தும் அதே தொகைக்குள் அடங்க வேண்டும். ‘சிக்கல்’ என்று தனியே எழுதி அதைக் குடும்பத்தின் தலையில் ஏற்றக் கூடாது. மருத்துவமனைக்கு அருகே இடிக்கவோ தோண்டவோ மாநகராட்சி அனுமதி தரும்போது, திரை கட்டுவதும் நீர் தெளிப்பதும் அந்த மருத்துவமனைக்கு முன்கூட்டியே தெரிவிப்பதும் நிபந்தனையாக வேண்டும்.

வீட்டளவில் செய்யக்கூடியவற்றையும் சொல்லிவிடுகிறேன். பலர் உட்பெட்டியில் கேட்கிறார்கள். மருத்துவர் சொன்னதற்கு மேல் இது எதுவுமில்லை. அணுக்குறைவு நாள்களில் நோயாளியின் அறையில் தொட்டிச்செடியும் வாடிய பூமாலையும் வேண்டாம். விளக்குமாற்றால் வறட்டுக் கூட்டல் வேண்டாம், ஈரத்துணியால் துடையுங்கள். சமைத்து இறக்கியபின் மேலே மிளகுத்தூள் தூவாதீர்கள். கொதிக்கும்போதே போட்டுவிடுங்கள், பச்சை மசாலாப் பொடியில் பூஞ்சை வித்துகள் இருக்கும். கசிவுள்ள அறையைக் குறைந்த வாடகைக்காக எடுக்காதீர்கள். காய்ச்சல் வந்தால், முகம் ஒரு பக்கம் வீங்கினால், மூக்கில் கறுப்பாக ஏதேனும் தெரிந்தால், இருமலில் குருதி வந்தால், விடியட்டும் என்று காத்திராமல் அப்போதே புறப்படுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் காற்றுத்தர நிலையங்கள் தூசியின் எடையை அளக்கின்றன; அதில் உயிருள்ள வித்து எவ்வளவு என்பதை அவை சொல்லா. ஒரு பெட்ரித் தட்டில் சபரோ ஊடகத்தை ஊற்றிக் குறித்த நேரம் திறந்துவைத்து மூடினால், மூன்று நான்கு நாளில் எண்ணிவிடலாம். துல்லியம் குறைந்த முறைதான். ஆனாலும் தெருவுக்குத் தெரு, மாதத்துக்கு மாதம் ஒப்பிடத் தொடக்கத்துக்குப் போதும். வரும் தென்மேற்குப் பருவமழைத் தொடக்கத்திலிருந்து ஐந்து மாதம், வைட்ஃபீல்டில் மருத்துவமனைகளைச் சுற்றியுள்ள தங்கும் அறைகளில், உரிமையாளர் இசைவோடு, வாரம் ஒருமுறை இப்படித் தட்டு வைக்க எண்ணியுள்ளேன். காடுகோடி, ஹூடி, வர்த்தூர்ப் பக்கம் குடியிருக்கும் முதுகலை மாணவர்கள் நான்கைந்து பேர் சேர்ந்தால் செய்துவிடலாம். ஊடகமும் தட்டும் என் பொறுப்பு. வண்டியும் ஞாயிறு காலையும் உங்கள் பொறுப்பு. எழுதுங்கள்.